ஃபில்டர் காபி கசக்கிறதா? டிகாஷனைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

காபி கசந்தால் பல வீடுகளில் முதலில் கை வைப்பது தூளில்தான். மூன்று கரண்டி போட்ட இடத்தில் இரண்டு கரண்டி போடுவார்கள், தண்ணீர் மட்டும் பழைய அளவிலேயே இருக்கும். மறுநாள் டிகாஷன் நீர்த்துப்போகும், கசப்போ அப்படியே நிற்கும், சில சமயம் கூடியும் போகும். அடுத்து சர்க்கரை ஏறும், பால் ஏறும். கடைசியில் டம்ளரில் இருப்பது காபி வாசனை அடிக்கும் இனிப்புப் பால்.

தூளைக் குறைத்தால் கசப்பு ஏன் கூடுகிறது? வறுத்து அரைத்த காபித் தூளின் எடையில் சுமார் 30 சதவீதம் தண்ணீரில் கரையக்கூடியது. அத்தனையும் டம்ளருக்கு வரக் கூடாது. 18 முதல் 22 சதவீதம் வரை கரைந்து வந்தால் சுவை சரியாக இருக்கும் என்பது காபி சுவைப்பவர்கள் நெடுங்காலமாக வைத்திருக்கும் கணக்கு. தண்ணீர் பட்டதும் முதலில் இறங்குவது புளிப்பும் மணமும். அடுத்து இனிப்பு. கசப்பும் துவர்ப்பும் மெதுவாகத்தான் கரையும், கடைசியில்தான் வரும். தூள் குறைவாகவும் தண்ணீர் அதிகமாகவும் இருந்தால், ஒவ்வொரு துகளிலிருந்தும் அந்தக் கடைசிச் சாறு வரை தண்ணீர் இழுத்துக்கொண்டு வந்துவிடும். திடமான டிகாஷன் வேறு, கசப்பான டிகாஷன் வேறு. கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இருந்தும் கசக்காத டிகாஷன் போட முடியும். தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தும் நாக்கைக் கசக்கிப் பிழியும் டிகாஷனும் உண்டு.

எந்தக் கசப்பு என்று முதலில் பாருங்கள்

பாலும் சர்க்கரையும் கலந்த பிறகு சுவைத்துப் பார்த்தால் ஒன்றும் பிடிபடாது. ஒரு கரண்டி டிகாஷனில் நான்கு கரண்டி வெந்நீர் விட்டுக் கலக்குங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு வாய் உறிஞ்சி, ஐந்து விநாடி நாக்கில் வைத்திருந்து விழுங்குங்கள்.

அடிநாக்கில் கசப்பு தங்கி, பாக்கு மென்ற மாதிரி வாய் உலர்ந்தால், தூளிலிருந்து அளவுக்கு மேல் சாறு இறங்கியிருக்கிறது. கருகிய வாடை முந்தினால், வறுவல் அதிகம் அல்லது டிகாஷனைத் திரும்பச் சுட வைத்திருக்கிறீர்கள். பாகு தீய்ந்த மாதிரியான கசப்பு என்றால் சிக்கரியைச் சந்தேகிக்கலாம். பழைய எண்ணெயின் சிக்கு வாடை வந்தால், தூள் பழசு அல்லது ஃபில்டர் அழுக்கு. நறுக்கென்று பல் கூசுகிற புளிப்பு இருந்தால் அது கசப்பே அல்ல. சாறு போதுமான அளவு இறங்கவில்லை என்று பொருள். புளிப்பையும் கசப்பையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர் என்பதால், இந்த இடத்தில் தவறினால் பிறகு செய்வதெல்லாம் தவறும்.

டிகாஷன் நன்றாகவே இருந்தால் பாலைத் தனியாகக் குடித்துப் பாருங்கள். லேசாக அடிப்பிடித்த பால், காபியில் கலந்ததும் காபிக் கசப்பு மாதிரியே இருக்கும். பழியும் தூளின் மேல் விழும்.

அளந்து போட்ட ஒரு டிகாஷன்

எதை மாற்றுவதற்கும் முன்னால், ஒரே அளவில் ஒரு டிகாஷன் போட்டுப் பாருங்கள். கண்ணளவு கை பழகியவர்களுக்குச் சரி. கோளாறு எங்கே என்று தேடும் நாட்களில் அளவு வேண்டும். சமையல் தராசு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டித் தூள் ஏறக்குறைய 5 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று டம்ளர் காபிக்கு 24 கிராம் தூள், 160 மி.லி. தண்ணீர். ஒரு கிராம் தூள் சுமார் 2 மி.லி. தண்ணீரைத் தன்னிடமே பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே கீழே இறங்குவது 110 மி.லி. அளவுதான். டம்ளருக்கு 35 மி.லி. டிகாஷன், 100 மி.லி. பால்.

1. ஃபில்டரின் இரண்டு பாத்திரங்களையும் வெந்நீரில் அலசி, மேல் பாத்திரத்தின் அடிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். குளிர்ந்த எவர்சில்வர் தண்ணீரின் சூட்டை முதலிலேயே வாங்கிக்கொள்ளும்.

2. தூளைப் போட்டு, பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டிச் சமமாகப் பரப்புங்கள். காம்பு வைத்த துளைத் தட்டை அதன்மேல் வைத்து, அதன் கனத்தோடு ஒரு விரலின் அழுத்தம் மட்டும் கொடுங்கள். கட்டைவிரலால் அழுத்தி இறுக்க வேண்டாம். தட்டு அங்கேயே இருக்கட்டும்.

3. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணையுங்கள். மிதமான வறுவல் தூளுக்குக் கொதி அடங்கியதும் ஊற்றலாம். கறுப்பாக வறுத்த தூளுக்கு ஒரு நிமிடம் பொறுங்கள். 90 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால் கசப்பு குறைவாக இறங்கும். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ இருப்பவர்கள் பொறுக்கவே வேண்டாம். 2,000 மீட்டருக்கு மேல் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது.

4. முதலில் 40 மி.லி. மட்டும் தட்டின்மேல் ஊற்றி, அரை நிமிடம் விடுங்கள். புதுத் தூளானால் நுரைத்து உப்பும். உள்ளே அடைபட்ட காற்று வெளியேறி, தூள் முழுக்க ஒரே மாதிரி நனையும். பிறகு மீதித் தண்ணீரை மெதுவாக, சுற்றி ஊற்றி மூடுங்கள்.

5. கடிகாரத்தைப் பாருங்கள். இதுதான் இந்த முறையின் உயிர்நாடி.

எவ்வளவு நேரத்தில் இறங்க வேண்டும்?

ஓரிரு நிமிடத்தில் முதல் சொட்டுகள், 15 நிமிடத்துக்குள் பெரும்பகுதி. 25 நிமிடம் தாண்டியும் மேலே தண்ணீர் நின்றால், அந்த டிகாஷன் கசக்கப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். தூள் வெந்நீரில் ஊறிக்கொண்டே இருக்கிறது, கசப்பு கரைய நேரம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. மாறாக நாலைந்து நிமிடத்தில் மொத்தமும் ஓடி வந்துவிட்டால் டிகாஷன் நீர்த்துப் புளிக்கும்.

சொட்டு நின்றுபோவதற்குக் காரணங்கள் சில உண்டு. முதலாவதை அநேகமாக யாரும் யோசிப்பதில்லை: காற்று. மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தில் இறுக்கமாக உட்கார்ந்து, விளிம்பில் ஈரமும் படிந்திருந்தால், கீழே உள்ள காற்றுக்கு வெளியேற வழியில்லை. காற்று போகாமல் டிகாஷன் இறங்காது. மேல் பாத்திரத்தைத் துணியால் பிடித்து, ஒரு நூல் அளவு தூக்கி, லேசாகத் திருப்பி மறுபடி வையுங்கள். உடனே சடசடவென்று சொட்டினால் குற்றவாளி காற்றுதான். அடுத்த முறையிலிருந்து விளிம்பை உலரத் துடைத்துவிட்டுப் பொருத்தினால் போதும்.

அது இல்லையென்றால் அரைவை. தூளை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மைதா மாதிரி வழுவழுவென்று விரல் ரேகைக்குள் ஒட்டினால் ஃபில்டருக்கு மிகவும் நைஸ். பொடி உப்பைவிடச் சற்று நயமாக, விரலில் சன்னமான நெறுநெறுப்புத் தட்டுப்பட வேண்டும். கடையில் அரைக்கும்போது ‘ஃபில்டருக்கு’ என்று சொல்லி வாங்குங்கள். கசக்கிறது என்று வந்தால், அடுத்த முறை அரைவையை ஒரு படி கூட்டிப் பெருவெட்டாகக் கேளுங்கள். வீட்டு மிக்ஸியில் அரைப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். ஓடவிட்டால் பாதி மாவாகும், பாதி நொய்யாக நிற்கும், தூளும் சூடேறும். 3 விநாடி ஓட்டி நிறுத்தி, ஜாரைக் குலுக்கி, மறுபடி ஓட்டுங்கள். கடைசியில் சன்னமான சல்லடையில் சலித்து, அடியில் விழும் மாவுத் தூளைக் கழித்துவிட்டால் கசப்பில் தெளிவாக வித்தியாசம் தெரியும். கொஞ்சம் தூள் வீணாவது உண்மைதான். ஆனால் அதுதான் துளையை அடைப்பதும் கசப்பை முதலில் கக்குவதும்.

இறுக்கி அழுத்திய தூளும், சிக்கரி அதிகமான தூளும் இதே மாதிரி அடைக்கும். சிக்கரி ஈரம் பட்டதும் ஊறிப் பசைபோலாகிறது.

தண்ணீர் இறங்கி முடிந்ததும் மேல் பாத்திரத்தை எடுத்துத் தனியே வையுங்கள். இரவில் ஃபில்டர் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. வசதிதான், ஆனால் விடியும் வரை ஈரத் தூளிலிருந்து சொட்டும் கடைசிச் சொட்டுகள் கசப்பையே கொண்டுவரும். இரவில் போடுவதானால் 20 நிமிடத்தில் பிரித்து, கீழ்ப் பாத்திரத்தை மூடிக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுப் படுங்கள்.

இரண்டாம் டிகாஷன் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். நல்லதெல்லாம் முதல் தண்ணீரில் போய்விட்டது. இரண்டாவது தண்ணீரில் வருவது நிறமும் கசப்பும்தான். முதல் டிகாஷனோடு அதைக் கலப்பது, உள்ள நல்லதையும் கெடுத்துக்கொள்வது. விருந்தாளி வந்துவிட்டால் புதிதாக இரண்டு கரண்டித் தூள் போடுங்கள்.

டிகாஷனை அடுப்பில் ஏற்றாதீர்கள்

கசப்புப் புகார்களில் பாதி இந்த ஒரு பழக்கத்தோடு தீர்ந்துவிடும் என்பது எங்கள் உறுதியான எண்ணம். ஆறிய டிகாஷனைச் சின்னக் கிண்ணத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தால், ஓரத்தில் நுரை கட்டும், ஒரு கொதி வரும், அதற்குள் மணம் சமையலறை முழுக்கப் பரவும். அப்படிப் பரவியது டம்ளரில் இருந்திருக்க வேண்டிய மணம். காபியில் குளோரோஜெனிக் அமிலங்கள் என்று ஒரு வகை உண்டு. சூட்டில் நிற்க நிற்க அவை உடைந்து, கசப்பும் உறைக்கும் புளிப்பும் உள்ள பொருள்களாகின்றன. ஃபில்டரை எரியும் அடுப்பின் ஓரத்திலேயே வைத்திருப்பதும், ஃபிளாஸ்க்கில் டிகாஷனை மணிக்கணக்கில் சூடாக வைத்திருப்பதும் இதே வேலையைத்தான் மெதுவாகச் செய்கின்றன.

சூடேற்ற வேண்டுமானால், டிகாஷன் கிண்ணத்தைக் கொதித்து இறக்கிய வெந்நீரில் இரண்டு மூன்று நிமிடம் வையுங்கள். அதைவிட எளிய வழி, டிகாஷனை ஆறியபடியே டம்ளரில் ஊற்றி, அதன்மேல் கொதிக்கும் பாலைப் பொங்கப் பொங்க ஊற்றி, டவராவில் ஒருமுறை ஆற்றுவது. 35 மி.லி. டிகாஷனுக்கு 100 மி.லி. கொதிக்கும் பாலின் சூடு தாராளமாகப் போதும். பாலில் டிகாஷனை ஊற்றிச் சேர்த்துக் கொதிக்க வைக்கவே கூடாது. குளிர்பெட்டியில் மூடி வைத்த டிகாஷன் மறுநாள் வரை தாங்கும். அதற்கு மேல் போனதை விட்டுவிடலாம்.

தூளைப் பற்றி

போடும் முறையெல்லாம் சரி, 15 நிமிடத்தில் இறங்குகிறது, அடுப்பில் ஏற்றவில்லை. அப்படியும் கசந்தால் தூளைப் பாருங்கள்.

வறுவல்தான் இதில் முதலிடம். கொட்டையை வறுக்க வறுக்க அதிலுள்ள அமிலங்கள் மாறி, முதலில் மெல்லிய கசப்பையும், மேலும் வறுத்தால் கடுமையாகத் தங்கி நிற்கும் கசப்பையும் தருகின்றன. காபியின் கசப்பு என்றதும் காஃபீனைச் சொல்கிறார்கள். காஃபீன் கசப்புதான், ஆனால் டம்ளரில் உள்ள மொத்தக் கசப்பில் அதன் பங்கு சிறிது. வறுத்துக் கொடுக்கும் கடையில் கொட்டையைக் கையில் வாங்கிப் பாருங்கள். கறுத்து, எண்ணெய் கசிந்து பளபளத்தால் கடும் வறுவல். பட்டையின் பழுப்பும், மேற்பரப்பில் எண்ணெய் இல்லாத உலர்ந்த தோற்றமும் இருந்தால் மிதமான வறுவல். கசப்பு பிடிக்காதவர்களுக்கு இரண்டாவதுதான்.

அடுத்து கொட்டை. கடைப் பலகையில் பீபரி, பிளான்டேஷன் ஏ, ரோபஸ்டா என்று எழுதியிருப்பார்கள். பீபரி என்பது பழத்துக்குள் இரண்டு பருப்புக்குப் பதிலாக ஒன்றே உருண்டு திரண்டது. பிளான்டேஷன் ஏ என்பது தண்ணீரில் கழுவிப் பதப்படுத்திய அரபிகா என்னும் காபி வகையில் பெரிய தட்டைக் கொட்டை. ரோபஸ்டா இன்னொரு காபி வகை. அதில் காஃபீன் அரபிகாவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் கூடுதல். கெட்டித்தன்மையும் நுரையும் கொடுப்பதாலும் விலை குறைவு என்பதாலும் கலவைகளில் சேர்க்கிறார்கள். கலவை என்னவென்று கடைக்காரரிடம் கேளுங்கள். பிளான்டேஷன் ஏ பாதி, பீபரி பாதி வாங்கி ஒரு வாரம் போட்டுப் பார்த்தால் ரோபஸ்டாவின் பங்கு எவ்வளவு என்பது நாக்குக்கே தெரிந்துவிடும்.

சிக்கரி ஒரு செடியின் வேர். உலர்த்தி, வறுத்து, பொடித்துச் சேர்ப்பது. காஃபீன் கிடையாது, ஆனால் தனக்கென்று ஒரு கசப்பு உண்டு. காபியைவிட அதிகமாகத் தண்ணீரில் கரைவதால் டிகாஷன் கறுத்துக் கெட்டியாகத் தெரியும். அந்த நிறத்தைப் பார்த்துத் திடமென்று நம்பிவிடுகிறோம். இந்தியச் சட்டப்படி காபி-சிக்கரிக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அதாவது கிட்டத்தட்டப் பாதி சிக்கரியாக இருந்தாலும் அது சட்டப்படி சரியான கலவை. பொட்டலத்தில் விகிதம் அச்சிட்டிருக்கும், வாங்கும்போது பாருங்கள். 60:40 குடித்துப் பழகியவர்கள் 80:20க்கு இறங்கினாலே கசப்பின் தன்மை மாறுவது தெரியும். எங்கள் பரிந்துரை 85:15. வாயில் அந்தக் கெட்டித்தன்மையும் தங்கும், காபியின் சொந்தச் சுவையும் மறையாது.

வீட்டிலேயே பார்க்க ஒரு சின்னச் சோதனை. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவுங்கள். காபி மிதந்துகொண்டிருக்கும். சிக்கரி சில விநாடிகளில் மூழ்கும். மூழ்கும்போது ஒவ்வொரு துகளுக்குப் பின்னாலும் பழுப்பு நிறத்தில் நூல் மாதிரி ஒரு கோடு இறங்கும். கோடுகள் அடர்த்தியாக இறங்கி, தண்ணீர் சட்டென்று நிறம் மாறினால் கலவையில் சிக்கரி தாராளம்.

பழந்தூளுக்கு மருந்து இல்லை. 100 அல்லது 200 கிராமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்குத் தள்ளி வைத்து, இரண்டு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள்.

ஃபில்டரையே சுவைத்துப் பாருங்கள்

தூள் போடாமல், கழுவி வைத்த ஃபில்டரில் 100 மி.லி. வெந்நீர் ஊற்றுங்கள். மழை மாதிரி எல்லாத் துளைகளிலும் ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சொட்டினால் துளைகள் அடைந்திருக்கின்றன. இறங்கிய வெந்நீரை ஒரு வாய் குடியுங்கள். அதில் பழைய எண்ணெய் வாடையோ சோப்பு வாடையோ இருந்தால், நாள்தோறும் உங்கள் காபியில் சேர்வது அதுதான்.

காபியில் எண்ணெய் உண்டு. அது உலோகத்தில் படிந்து நாளடைவில் கெட்டுப்போகும். வெறும் தண்ணீரில் அலசினால் போகாது. மாதம் ஒருமுறை அரை லிட்டர் கொதிநீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கரைத்து, எல்லாப் பாகங்களையும் அரை மணி நேரம் ஊற விடுங்கள். பழைய பல்துலக்கியால் மேல் பாத்திரத்தின் அடியை உள்ளும் புறமும் தேய்த்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பாருங்கள். வெளிச்சம் தெரியாத துளைகளை மெல்லிய ஊசியால் குத்திவிடுங்கள். ஊசியை உள்ளே விட்டுச் சுழற்ற வேண்டாம், துளை பெரிதானால் தூள் டிகாஷனில் இறங்கும். எவர்சில்வர் பாத்திரமானால் அடிப்பகுதியை அடுப்புத் தழலில் சில விநாடி காட்டி, அடைந்த தூளைச் சாம்பலாக்கித் தட்டுவதும் உண்டு. நன்றாக ஆறவிட்டுக் கழுவுங்கள். ஈயம் பூசிய பித்தளை ஃபில்டரில் இதைச் செய்யாதீர்கள், பூச்சு உருகிவிடும். அன்றாடம் கழுவும்போது சோப்பு கொஞ்சம் போதும், அலசல் அதிகம் வேண்டும். கவிழ்த்து உலரவிட்டு மூடுங்கள்.

தண்ணீர், பால், மற்ற முறைகள்

உப்பும் காரமும் ஏறிய ஆழ்துளைத் தண்ணீர் காபியின் இயல்பான இளம்புளிப்பை அடக்கிவிடும். கசப்பு தனித்துத் தெரியும். டி.டி.எஸ்., அதாவது ஒரு லிட்டரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு, 150 மில்லிகிராமுக்குப் பக்கத்தில் உள்ள தண்ணீர் நல்லது. சந்தேகமிருந்தால் ஒரு நாள் கேன் தண்ணீரில் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பாலில் உள்ள புரதம் கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்களைப் பிடித்துக்கொள்கிறது. தண்ணீர் கலக்காத பாலில் அதே டிகாஷன் சாந்தமாக இருப்பது அதனால்தான்.

ஃபில்டர் இல்லாமல், தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து வடிகட்டுபவர்களுக்குக் கசப்பு நிச்சயம். தண்ணீரைக் கொதிக்க வைத்து இறக்கி, அதன்பின் தூளைப் போட்டுக் கலக்கி, 4 நிமிடம் மூடி வைத்து வடிகட்டுங்கள். துணியில் வடிகட்டினால் துணியைப் பிழியாதீர்கள்.

இவற்றையெல்லாம் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். மாற்றினால் எது கைகொடுத்தது என்று தெரியாது. முதலில் ஃபில்டரைச் சுத்தம் செய்து, அளந்து போட்டு, நேரம் பாருங்கள். இரண்டு நாள் அப்படியே குடியுங்கள். பிறகு அரைவை. பிறகு சிக்கரி விகிதம். வறுவலையும் கொட்டையையும் கடைசியாக மாற்றுங்கள், ஏனென்றால் செலவு அதில்தான்.

இன்று காலை போட்ட டிகாஷன் ஏற்கெனவே கசந்துவிட்டதென்றால், 100 மி.லி. டிகாஷனில் விரல்நுனியில் ஒட்டும் அளவு தூள் உப்பைக் கரையுங்கள். உப்பிலுள்ள சோடியம் நாக்குக்குக் கசப்பை மட்டுப்படுத்திக் காட்டும். இந்த அளவில் உப்புச் சுவை தெரியாது, பாலும் திரியாது. கெட்டியாக இருந்தால் ஒரு கரண்டி வெந்நீர் விட்டு, தண்ணீர் கலக்காத பாலைக் கூடுதலாக ஊற்றிக் குடித்துவிடலாம். கருகல் வாடை அடிக்கும் டிகாஷனுக்கு இது பலிக்காது. அதைக் கொட்டிவிட்டு வேறு போடுங்கள்.